இயேசப்பா யார்? நான்கு பதில்களில் எதைப் பிடித்துக்கொள்வது?

போன வருஷம் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பையன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். இரண்டாம் வகுப்பு படிக்கிறவன். ஜெபம் முடிந்து எல்லோரும் கண்ணைத் திறந்ததும் கையைத் தூக்கினான். "டீச்சர், இயேசப்பா நமக்கு அப்பான்னா, பிதா யாரு? தாத்தாவா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 17 வருஷமாகப் பாடம் எடுக்கிறேன், அந்தக் கேள்விக்குச் சட்டென்று சொல்ல என்னிடம் பதில் இல்லை. "அடுத்த வாரம் சொல்றேன்பா" என்று சொல்லி அனுப்பினேன்.

அதே மாதத்தில் வேறு மூன்று பேர், கிட்டத்தட்ட அதே கேள்வியோடு வந்தார்கள். என்னிடம் படித்து இப்போது வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் 'இயேசு நாமம்' சபை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரியேக தேவனின் பேரில் எடுத்த ஞானஸ்நானம் செல்லாது, இயேசுவின் நாமத்தில் மறுபடி எடுத்தால்தான் கல்யாணம் என்கிறார்கள். இன்னொரு அம்மாவின் மகன் யெகோவாவின் சாட்சிகளிடம் வாராவாரம் வேதம் படிக்கிறான், கிறிஸ்துமஸ் வேண்டாம் என்கிறான். மூன்றாவது ஆள் கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒரு தம்பி. "அக்கா, அவர் பெரிய மனுஷர், மலைப்பிரசங்கம் போதும் எனக்கு. அதுக்கு மேல சொல்ல மனசு வரல."

நால்வருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் மற்றப் பக்கங்களில் நிற்கிறவர்கள் படித்தாலும் "எங்களைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்" என்று அவர்கள் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

## எதை வைத்து அளப்பது?

வசனத்துக்கு வசனம் எறிந்து சண்டை போட்டால் விடியவே விடியாது. எந்தத் தரப்பிடமும் கைநிறைய வசனம் இருக்கிறது. அதனால் முதலில் அளவுகோல்களை வைத்துக்கொள்வோம். நான் நான்கை வைத்திருக்கிறேன்.

வசனத்தின் இரண்டு பக்கம். புதிய ஏற்பாடு இயேசுவைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறது. உயிர்த்தெழுந்தவரைப் பார்த்து அவருடைய சீஷர் தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" என்கிறார் (யோவான் 20:28). அதே யோவானில் "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று இயேசுவே சொல்கிறார் (14:28). கடைசி நாள் எப்போது என்று "குமாரனும் அறியார்" என்கிறது மாற்கு (13:32). ஒரு பக்கத்தை மட்டும் தாங்கிக்கொண்டு மறுபக்கத்தை மழுப்புகிற பதில் முழுப் பதில் ஆகாது.

முழங்கால். நீங்கள் யாரை நோக்கி ஜெபிக்கிறீர்கள்? முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் கல்லெறிபட்டுச் சாகும்போது "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்" என்று அவரிடமே பேசினார். ஒரு பதிலை ஏற்றுக்கொண்ட பிறகு அந்த ஜெபத்தை உங்களால் சொல்ல முடிகிறதா?

கெத்செமனே. சிலுவைக்கு முந்தின இரவு இயேசு ஜெபித்த தோட்டம் அது. அந்த இரவில் அவர் பட்ட பாடு உண்மையா, நமக்குக் காட்டிய பாவனையா? நிஜமாகவே பயந்து, நிஜமாகவே வேண்டிக்கொண்டாரா? யாரிடம் வேண்டிக்கொண்டார்?

வீட்டுக் கணக்கு. இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு பதிலை எடுத்தால் கல்யாணம், கல்லறை, பண்டிகை, மருத்துவமனை, அம்மாவோடு சேர்ந்து ஜெபிப்பது எல்லாவற்றிலும் அது வந்து நிற்கும்.

## முதல் பதில்: முழுத் தெய்வம், முழு மனிதர்

கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாம் நிற்கிற இடம் இது. ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணத்தில் "உண்டாக்கப்படாமல் ஜெநிப்பிக்கப்பட்டவர்" என்று வேகமாகச் சொல்லிக்கொண்டு போகிறோமே, அந்தச் சொற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய போராட்டம் இருக்கிறது.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குருவானவர், குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்தார். எவ்வளவு உயர்ந்தவராக இருந்தாலும் அவர் இல்லாத ஒரு நிலை இருந்தது என்பது ஆரியுஸின் வாதம். பாட்டாகவும் கட்டிப் பரப்பினார். 325இல் கான்ஸ்டன்டைன் மன்னர் ஆயர்களை நிசேயாவில் ஒரு சங்கமாகக் கூட்டினார். இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்ற ஏரிக்கரை ஊர் அது. அங்கேதான் குமாரன் "பிதாவோடே ஒரே தன்மையுடையவர்" என்று எழுதினார்கள். அதோடு சண்டை முடிந்துவிடவில்லை. நிசேயாவைத் தாங்கிப் பிடித்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். அவருடைய வாதம் எளியது: குமாரன் படைப்புதான் என்றால் அவரை வணங்குவது விக்கிரக ஆராதனை, அதோடு ஒரு படைப்பு இன்னொரு படைப்பைக் கடவுளோடு சேர்த்துவைக்கவும் முடியாது.

"இயேசுவைத் தெய்வமாக்கியது நிசேயாதான், மன்னர் சொல்லிச் செய்தது" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒன்று. நிசேயா இருந்த அதே பித்தினியா மாகாணத்தில், சங்கத்துக்கு 200 வருஷம் முன்பு பிளினி என்ற ரோம ஆளுநர் இருந்தார். பிடிபட்ட கிறிஸ்தவர்களை விசாரித்துவிட்டு மன்னருக்குக் கடிதம் எழுதினார்: இவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவை ஒரு தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று. ஆக, பாட்டும் முழங்காலும் முதலில் வந்துவிட்டன. அதற்கான சொற்கள் பின்னால்தான் வந்தன.

அடுத்த கேள்வி: தெய்வம் சரி, மனிதர் எந்த அளவுக்கு? அப்பொல்லினாரியுஸ் என்பவர், இயேசுவுக்கு மனித உடல் உண்டு, மனித மனம் கிடையாது, அந்த இடத்தில் தேவனுடைய வார்த்தையாகிய குமாரனே இருந்தார் என்றார். நசியான்சுஸ் கிரகோரி அதற்குச் சொன்ன பதிலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: அவர் எதை ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாகவும் இல்லை. நம் மனம்தானே முதலில் நோய்ப்பட்டுக் கிடக்கிறது? அவர் மனித மனத்தையே எடுக்கவில்லை என்றால் என் மனத்தின் பயத்துக்கு அவரிடம் என்ன மருந்து இருக்கும்? 451இல் கல்செதோன் சங்கம் இதை முடித்துவைத்தது: ஒரே ஆள், இரண்டு தன்மை. அவை கலக்கவில்லை, மாறவில்லை, பிரியவில்லை, விலகவில்லை.

கவனித்துப் பாருங்கள், நான்குமே 'இல்லை' என்று முடிகிறவை. எப்படி என்று அவர்கள் விளக்கவில்லை, எங்கே போய் விழக்கூடாது என்று வேலி மட்டும் போட்டார்கள். இந்தப் பதிலின் பலம் அதுதான். முதல் மூன்று அளவுகோலிலும் இது நிற்கிறது: தோமாவின் அறிக்கையும் "குமாரனும் அறியார்" என்பதும் இரண்டும் உள்ளே இருக்கின்றன. அவரிடம் ஜெபிக்கலாம். கெத்செமனே நிஜம்.

விலை? விளக்கவே முடியாது என்பதுதான் விலை. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று நானே வருஷக்கணக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பிறகுதான் புரிந்தது: ஒரே தண்ணீர் மூன்று வடிவம் எடுக்கிறது என்றால் அது நான் பின்னால் சொல்லப்போகிற இரண்டாவது பதில். சூரியன், அதன் கதிர் என்று சொன்னால் குமாரன் தனி ஆளாகவே தெரியமாட்டார். மூன்று பேர் ஒரே குடும்பம் என்றால் மூன்று கடவுள். முஸ்லிம் தோழி ஒருத்தி "மூணு சாமியா உங்களுக்கு?" என்று கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் உவமைகளை விட்டேன்.

இன்னொரு விலையும் உண்டு, அது மறைவானது. வாயால் 'முழு மனிதர்' என்று சொல்லிவிட்டு மனத்தில் அவரை மனிதராகவே நினைக்காமல் இருப்பது. "அவர் தேவன், அவருக்கு எல்லாம் முன்னமே தெரியும், அதனால பயப்படல" என்று பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். லாசருவின் கல்லறையில் "இயேசு கண்ணீர் விட்டார்" என்று வேதம் சொல்கிறது. அந்தக் கண்ணீரைக் கழுவிவிட்டால் நம் கையில் இருப்பது கல்செதோனின் பதிலே இல்லை.

இங்கே கேரளத்துச் சிரியன் சபைகளையும் சொல்ல வேண்டும். மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயர், எகிப்தின் கோப்திக் சபை, ஆர்மீனியர் இவர்கள் யாரும் கல்செதோனை ஏற்கவில்லை. தெய்வமும் மனிதமும் ஒன்றான ஒரே தன்மை என்கிறார்கள். 1500 வருஷமாகத் தனித்தனி. ஆனால் 1973இல் போப் ஆறாம் பவுலும் கோப்திக் போப் மூன்றாம் ஷெனூதாவும் உட்கார்ந்து பேசி, முழுத் தெய்வம், முழு மனிதர் என்ற விசுவாசத்தை ஒன்றாக அறிக்கை செய்தார்கள். இத்தனை நூற்றாண்டுப் பிரிவில் பெரும்பங்கு சொற்களின் பிரிவு. வீட்டுக்குள் இப்படி ஒரு சண்டை வந்தால் இந்த 1500 வருஷத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

### 'அவதாரம்' என்று சொல்லலாமா?

தமிழில் இந்தக் கேள்வி தனியாகவே வரும். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களுக்குச் சட்டென்று புரிகிற சொல் அது. சென்னை மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த சக்கரை செட்டியார் அந்தச் சொல்லைத் துணிந்து எடுத்தார். ஒரு வேலைக்காக வந்து முடித்துவிட்டுத் திரும்பிவிடுகிற அவதாரங்கள்போல இல்லை இது, இயேசு எடுத்த மனிதத்தைக் கழற்றிவைக்கவே இல்லை, நிரந்தரமானது என்று அதற்குப் பொருள் கொடுத்தார். பாளையங்கோட்டையில் பிறந்து பிற்பாடு கோயம்புத்தூர் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி பக்தி மார்க்கத்தின் வழியாகப் போனார். "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்பதை அன்பிலும் சித்தத்திலும் ஒன்றிப்போன ஐக்கியமாகப் படித்தார். இராமானுஜரின் வழியில் பழகிய காதுக்கு அது நன்றாகவே கேட்கும். எனக்கு அதில் மனநிறைவு முழுதாக வரவில்லை. சித்தத்தில் ஒன்றுபட்டவர்கள் என்றால் தீர்க்கதரிசிகளும் அப்படித்தானே? ஆனால் அவர் எழுத்தில் உள்ள உருக்கம் நிசேயாவின் கிரேக்கச் சொற்களில் கிடைக்காது.

என் பழக்கம் இதுதான்: வெளியாளிடம் பேச்சைத் தொடங்க 'அவதாரம்', வகுப்பில் 'மனிதரானார்'. பத்து அவதாரங்களில் ஒன்று என்று பிள்ளைகள் எண்ணிவிடக்கூடாது.

## இரண்டாவது பதில்: பிதாவும் அவரே

இதைத்தான் 'இயேசு நாமம்' சபைகள் சொல்கின்றன. கடவுள் ஒருவர், மூன்று ஆட்கள் கிடையாது. பிதாவாக இருந்தவரே குமாரனாக வந்தார், ஆவியாக நமக்குள் இருக்கிறார். அவர் பெயர் இயேசு.

1913இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் நடந்த ஒரு பெந்தெகொஸ்தே முகாமில், அப்போஸ்தலர்கள் இயேசுவின் நாமத்தில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று ஒரு போதகர் பேசினார். அடுத்த வருஷமே மறு ஞானஸ்நானங்கள் தொடங்கின. 1916இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை திரித்துவத்தை (ஒரே கடவுள், மூன்று ஆட்கள் என்பதை) தங்கள் அறிக்கையில் எழுதியதும் பெரிய கூட்டம் பிரிந்து போனது. எண்ணம் மட்டும் பழையது. மூன்றாம் நூற்றாண்டு ரோமில் சபெல்லியுஸ் பேரில் இதே போதனை நடமாடியது.

வசனம் இருக்கிறதா? இருக்கிறது, பலமாகவே. ஏசாயா 9:6 வரப்போகிறவரை "நித்திய பிதா" என்கிறது. "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்கிறார் இயேசு. அப்போஸ்தலர் 2:38 இயேசுகிறிஸ்துவின் நாமத்தில் ஞானஸ்நானம் என்கிறது. மத்தேயு 28:19 "பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே" என்னும்போது 'நாமங்களிலே' என்று இல்லையே என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான்.

இன்னொன்று சொல்லட்டுமா? தமிழ்க் கிறிஸ்தவர்களில் பாதிப்பேர் தெரியாமலே இந்தப் பதிலில்தான் வாழ்கிறோம். 'இயேசப்பா' என்று கூப்பிடுகிறோம். "பரலோகப் பிதாவே" என்று தொடங்கி நடுவில் "எங்களுக்காகச் சிலுவையில் மரித்தீரே" என்று போய்விடுகிறோம். பழைய மொழிபெயர்ப்பில் இஸ்ரவேலின் தேவனுடைய பெயர் வருகிற இடமெல்லாம் 'கர்த்தர்', இயேசுவுக்கும் 'கர்த்தர்'. இரண்டும் ஒரே காதில் ஒரே ஒலியாக விழுகிறது. கிரேக்கத்திலும் அப்படித்தான், பவுல் அதை வேண்டுமென்றே செய்தார். அந்தப் பையனின் கேள்வி வானத்திலிருந்து விழவில்லை. நம் ஜெபத்தைக் கேட்டுத்தான் வந்தது.

முழங்கால் அளவுகோலில் இந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண். அவரிடம் ஜெபிப்பதில் தயக்கமே இல்லை, பிள்ளைக்கும் புரியும். இடறுவது கெத்செமனேயில். "அப்பா பிதாவே… இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்றவர் யாரிடம் பேசினார்? மனிதத் தன்மை தெய்வத் தன்மையிடம் பேசியது என்பார்கள். தன்மை தன்மையோடு பேசுமா? "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்பதில் 'நான்' ஒன்று, 'நீர்' ஒன்று இருக்கிறது. அந்த உறவை எடுத்துவிட்டால் அந்த இரவு வெறுமையாகிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறைவான விலை ஞானஸ்நானத்தில் இருக்கிறது. மறுபடி எடுப்பது என்பது தண்ணீரில் இறங்கி ஏறுவதோடு முடியாது. முன்னால் எடுத்தது செல்லாது என்று ஒத்துக்கொள்வது. சில சபைகளில் அதன் அர்த்தம் உங்கள் பாட்டி, தாத்தா, அம்மா யாருமே இரட்சிக்கப்படவில்லை என்பதுவரை போகும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அதனால் போய்க் கேளுங்கள், நேராகவே: "என் அம்மாவின் விசுவாசத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

## மூன்றாவது பதில்: தேவனுடைய முதல் படைப்பு

யெகோவாவின் சாட்சிகள் 1870களில் பென்சில்வேனியாவில் சார்ல்ஸ் ரஸல் நடத்திய வேதபாடக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். இந்தப் பெயர் 1931இல் வைத்தது. யெகோவா ஒருவரே சர்வவல்ல தேவன். இயேசு அவருடைய முதல் படைப்பு, தலைமைத் தூதரான மிகாவேல் அவரே. மற்ற எல்லாவற்றையும் தேவன் அவர் மூலமாகப் படைத்தார். ஆரியுஸின் பதில்தான் கிட்டத்தட்ட, ஆனால் அவர்கள் அவரிடமிருந்து எடுக்கவில்லை, தாங்களே வேதத்தைப் படித்து வந்ததாகச் சொல்கிறார்கள்.

"என் பிதா என்னிலும் பெரியவர்", "குமாரனும் அறியார்", கொலோசெயரில் "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" — நாம் மழுப்பிவிட்டுப் போகிற வசனங்களில் இவர்கள் உறுதியாக நிற்கிறார்கள். அந்த மகனை ஈர்த்தது அதுதான். "சர்ச்ல யாரும் இந்த வசனத்தை எடுத்துப் பேசினதே இல்லை" என்றான். அது நம் குறை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தோமாவிடம் வரும்போது தடுமாற்றம். யோவான் 1:1இல் நம் பைபிள் "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்கிற இடத்தை அவர்களுடைய ஆங்கில மொழிபெயர்ப்பு 'ஒரு தேவன்' என்று சிறிய எழுத்தில் போடுகிறது. முழங்காலைக் கேட்டால், அவர்கள் இயேசுவிடம் ஜெபிப்பதில்லை, இயேசுவின் மூலமாக யெகோவாவிடம் ஜெபிக்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி அது நேர்மைதான், ஒரு படைப்பை எப்படி வணங்குவது? ஆனால் ஸ்தேவானின் கடைசி ஜெபத்தை அவர்களோடு சேர்ந்து சொல்ல முடியாது.

சிலுவைக் கணக்கும் மாறுகிறது. தேவன் தம்மையே கொடுத்தார் என்பது போய், தேவன் இன்னொருவரை அனுப்பினார் என்று ஆகிறது. என்னால் அந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை.

வீட்டுக் கணக்கில் நான்கு பதில்களிலும் அதிக விலை இங்கேதான். கிறிஸ்துமஸ், பிறந்தநாள் கிடையாது. இரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார்கள், பிரசவ வார்டிலும் விபத்துச் சிகிச்சையிலும் அது உயிர்க்கேள்வி. ஞானஸ்நானம் எடுத்தபிறகு விலகினால் சபையிலுள்ள சொந்தக்காரர்களே பேச்சைக் குறைத்துவிடலாம். இதைப் படிப்பின் முதல் மாதத்தில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதே சமயம் அவர்களுடைய உறுதியை மதிக்கிறேன். தேசியகீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்தியாவில் மனசாட்சிக்கு இடம் வேண்டும் என்று நினைக்கிற எல்லோருக்கும் அந்தத் தீர்ப்பு உதவுகிறது.

அந்த அம்மாவிடம் சொன்னேன்: மகனைத் திட்டாதீங்க. அவன் எடுத்து வருகிற வசனங்களை அவனோடு சேர்ந்து படிங்க. இரத்தம் பற்றி மட்டும் இப்போதே கேட்டுவையுங்க.

## நான்காவது பதில்: பெரிய மனிதர், போதகர்

இது ஏதோ புதுக்காலப் படிப்பாளிகளின் பதில் என்று நினைக்க வேண்டாம். 1795இல் சென்னையிலேயே இதற்கு ஒரு சபை எழுந்தது. வில்லியம் ராபர்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஒரு தமிழர், வெள்ளைக்காரர் வீட்டு வேலைக்காரராக இங்கிலாந்து போனவர், அங்கே கிடைத்த நூல்களைப் படித்து, கடவுள் ஒருவரே, இயேசு அவர் அனுப்பிய மனிதர் என்ற முடிவுக்கு வந்து, ஊர் திரும்பி யூனிட்டேரியன் சபையைத் தொடங்கினார். மிஷனரி யாரும் அனுப்பாமல் தானே தேடிக் கண்டுபிடித்த வழி. 1820இல் ராம்மோகன் ராய் கல்கத்தாவில் இயேசுவின் போதனைகளை மட்டும் தொகுத்து வெளியிட்டார், அற்புதங்களை விட்டுவிட்டு. செராம்பூர் மிஷனரி மார்ஷ்மனோடு அதற்காகப் பெரிய வாதம் நடந்தது.

கெத்செமனேயில் இந்தப் பதில் தடையில்லாமல் நிற்கிறது: ஒரு மனிதர் பயந்தார், ஜெபித்தார். ஆனால் போதனையைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா? மலைப்பிரசங்கத்திலேயே "நான் உங்களுக்குச் சொல்லுகிறேன்" என்று மோசேயின் பிரமாணத்துக்கு மேல் நின்று பேசுகிறார். பாவத்தை மன்னிக்கிறேன் என்கிறார். அதைக் கேட்ட வேதபாரகர் "தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்" என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டது சரியான கேள்விதான். மறைவான விலை மெதுவாகத்தான் தெரியவரும். நல்ல போதகரை மதிக்கலாம், பின்பற்றலாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் கிடக்கும்போது அவரைக் கூப்பிட முடியாது.

## ஒரே பார்வையில்

| | முழுத் தெய்வம், முழு மனிதர் | பிதாவும் அவரே | முதல் படைப்பு | பெரிய மனிதர் |
|---|---|---|---|---|
| வசனத்தின் இரண்டு பக்கம் | இரண்டையும் தாங்கும் | தெய்வப் பக்கம் பலம் | தாழ்மைப் பக்கம் பலம் | தாழ்மைப் பக்கம் மட்டும் |
| இயேசுவிடம் ஜெபம் | உண்டு | முழுதும் அவரிடமே | இல்லை, அவர் மூலமாக | இல்லை |
| கெத்செமனே | மகன் தந்தையிடம் பேசினார் | யாரிடம் என்பது சிக்கல் | படைப்பு படைத்தவரிடம் பேசியது | மனிதர் கடவுளிடம் பேசினார் |
| விளக்குவது | மிகக் கடினம் | எளிது | எளிது | மிக எளிது |
| வீட்டுக் கணக்கு | குறைவு. மனிதத்தை மறக்கும் ஆபத்து | மறு ஞானஸ்நானம் | பண்டிகை, இரத்தம், உறவு | ஆராதனையில் அந்நியமாக நிற்பது |

## யாருக்கு எது?

கல்லூரித் தம்பிக்கு முதலில். நம்பாததை விசுவாசப் பிரமாணத்தில் வாயால் மட்டும் சொல்வதைவிட, "எனக்குத் தெரிந்தவரை இவர் ஒரு மனிதர்" என்று நேர்மையாக நிற்பது நல்லது. சீஷர்களும் அங்கிருந்துதான் தொடங்கினார்கள். புயல் அடங்கின படகில் "இவர் யாரோ?" என்றுதான் கேட்டார்கள், பிரமாணம் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மூடிவைத்துவிடாமல் மாற்கு சுவிசேஷத்தை ஒரே மூச்சில் வாசித்துப் பார் என்று சொன்னேன். இரண்டு மணிநேரத்துக்குள் முடிந்துவிடும்.

பிதா தூரமானவர், கோபக்காரர், இயேசு மட்டுமே அன்பானவர் என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இரண்டாவது பதில் பெரிய ஆறுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இயேசுவின் முகமே கடவுளின் முகம் என்ற அதன் உறுதியை நான் மனமார ஏற்கிறேன். அதை வைத்துக்கொள்ள முதல் பதிலை விட வேண்டியதில்லை, "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" எங்களுக்கும் சேர்த்துத்தான். மூன்றாவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் வசனத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாராவாரம் உட்காருகிற அவர்களுடைய பழக்கம் நம் வீடுகளில் இருந்திருந்தால் பல பிள்ளைகள் கேள்வியை வெளியே தூக்கிக்கொண்டு போயிருக்கமாட்டார்கள்.

கல்யாணப் பெண்தான் கஷ்டமான இடம். அவளுக்குக் கையில் மூன்று வாரம்தான் இருந்தது. "டீச்சர், தண்ணியில இறங்கி ஏறினா முடிஞ்சுது, எல்லாருக்கும் சந்தோஷம். இறங்கிடட்டுமா?" என்றாள். நான் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். முதல் ஞானஸ்நானத்தை நீ உண்மையிலேயே வெறுமையாக நினைக்கிறாயா? அப்படி நினைத்தால் இறங்கு, அது உன் விசுவாசம். நினைக்கவில்லை என்றால் கல்யாணத்துக்காக இறங்காதே, ஏனென்றால் அப்போது கடவுளின் பேரிலேயே ஒரு பொய் சொல்கிறாய். அவள் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மாப்பிள்ளையிடமே நேராகப் பேசப்போவதாகச் சொன்னாள். பேசினாள். அவர் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறார். இப்போதைக்கு அங்கேதான் நிற்கிறது.

அப்புறம் அந்தப் பையன். அடுத்த ஞாயிறு அவன் முன்வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தான். நிசேயாவையும் தண்ணீர்–பனிக்கட்டியையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். மாற்கு 14ஐத் திறந்து அவனையே வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி வாசித்தான். "அப்… பா… பிதாவே."

"இயேசப்பாவும் அப்பான்னு கூப்பிட்டாரு பாத்தியா?" என்றேன். "அவருக்கும் அப்பா இருக்காரு. அவர் அப்பாகிட்ட பேசுறாரு. நம்மளையும் அவர்கூட நின்னு அதே அப்பாவை அப்பான்னு கூப்பிடச் சொல்றாரு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தாத்தாவைப் பற்றி அவன் மறுபடி கேட்கவில்லை.

"அப்ப அன்னைக்கி ராத்திரி அவருக்குப் பயமா இருந்துச்சா டீச்சர்?"

"இருந்துச்சு" என்றேன்.